முழங்கைக்கு ஒரு கவசம்: வேக நீரில் துடுப்புப் போடுவோர் அறிய வேண்டியவை

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயில் பாதையில் கோரமண்டல் ஒரு சிறு நிலையம். கோலார் தங்கவயலின் இப்பகுதியில் பாறைகளில் மோதி நுரைத்தோடும் ஆறு எதுவும் இல்லை. எனினும் வேக நீருக்கும் இவ்வூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி வந்து இங்குள்ள சுரங்க இயந்திரங்களை ஓட்டியது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கிய அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அன்று குழியில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரில் பணிபுரிகின்றனர். விடுமுறை கிடைத்தால் தாண்டேலியின் காளி ஆற்றுக்கோ, மழைக்காலத்தில் குடகின் பாராபோளே ஆற்றுக்கோ படகு விளையாட்டுக்குச் செல்வோரும் அவர்களுள் உண்டு. அவ்வாறு செல்வோர் தலைக்கவசத்தையும் உயிர்காப்புச் சட்டையையும் மறப்பதில்லை. முழங்கையை நினைப்போர் சிலரே.

முழங்கையின் முனையில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே தசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. உட்புறத்தில், எலும்பை ஒட்டியே ஒரு நரம்பு செல்கிறது. கதவு நிலையில் முழங்கை இடிபட்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் உணர்கிறோமே, அது இந்நரம்பின் வேலை. ஓடும் நீரில் பாறை மீது இதே இடம் மோதினால் விரல்கள் மரத்துத் துடுப்பு கைநழுவலாம். தோல் கிழிந்தால் ஆற்றுநீரின் அழுக்கு உட்புகுந்து, மூட்டின் முனையிலுள்ள நீர்ப்பை வீங்கிச் சீழ்பிடிக்கவும் கூடும். கையால் உழைத்துச் சம்பாதிக்கும் ஒருவருக்கு இது சில வாரங்களின் வருமானம்.

எனினும் காப்பு எல்லோருக்கும் தேவையில்லை. ஆழமான ஆற்றில், வழிகாட்டியுடன் பலர் அமர்ந்து செல்லும் ராஃப்டில் செல்வோர் இதற்கெனச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் அமரும் கயாக்கின் நிலை வேறு. படகு கவிழ்ந்தால், அதை மீண்டும் நிமிர்த்தும்வரை ஓட்டுநர் தலைகீழாக நீருக்குள் இருக்கிறார். தலையையும் மார்பையும் காக்க அவர் முன்குனிந்து கைகளைப் படகோடு ஒட்டிக்கொள்ளும்போது, முழங்கைகளே ஆற்றின் அடிப்பாறையை முதலில் சந்திக்கின்றன. கோழிக்கோடு மாவட்டத்துச் சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும் இத்தகைய பாறை நிறைந்த மலையாறுகள். 2013இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவின் கயாக் போட்டிகள் அங்கேதான் நடைபெறுகின்றன. நீர் ஆழம் குறைந்து பாறை நெருங்கி நிற்கும் அத்தகைய இடங்களுக்குச் செல்வோருக்குக் காப்பு கட்டாயம் என்றே சொல்வோம்.

கடையில் இரண்டு வகைகளைக் காணலாம். முதல் வகையில் மேலே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு இருக்கும். கூரிய பாறையின் அடியை அது பரவலாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் கை மடங்கும்போது தடுக்கும், ஓட்டின் விளிம்புக்குள் நீர் புகுந்தால் இடம்விட்டு நகரும். இரண்டாம் வகை நியோபிரீன் உறைக்குள் தடித்த நுரைப்பஞ்சு வைத்தது. கையோடு ஒட்டி நிற்பதால் துடுப்புப் போடுவதற்கு இதுவே இசைவானது. நுரைப்பஞ்சு நீரை உறிஞ்சாத வகைதானா என்று கேட்டறிக. உறிஞ்சும் வகையானால் நனைந்ததும் கனத்துக் கீழிறங்கிவிடும்.

ஸ்கேட்டிங் காப்பு வீட்டில் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் வினவலாம். அவற்றில் காணும் ஈஎன் 14120 என்னும் ஐரோப்பியத் தரக்குறி, சக்கர விளையாட்டுகளில் தரையில் விழுவதைக் கருதி வகுக்கப்பட்டது. ஓடும் நீரில் காப்பு இடம்பெயராது என்பதற்கு அது உறுதியாகாது.

எனவே எவ்வளவு கெட்டி என்பதைவிட, நனைந்த பின்னும் இடத்தில் நிற்குமா என்பதே முதற்கேள்வி. முழங்கைக்குச் சற்று மேலும் கீழும் சுற்றளவை அளந்து, தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுக. உயிர்காப்புச் சட்டையும் படகு மேற்சட்டையும் அணிந்தே காப்பைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கையை முழுவதும் மடக்கும்போது முழங்கை முனை காப்பின் நடுவிலேயே இருக்க வேண்டும். விரல்கள் மரத்தால் அது இறுக்கம். ஒரு விரலால் தள்ளும்போது சுழன்றால் தளர்வு. வெல்க்ரோ பட்டையின் நுனி வெளியே தொங்கக் கூடாது. அது மரக்கிளையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

வாங்கியதும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காப்பை வாளி நீரில் நன்கு நனைத்து அணிந்து, துடைப்பக் கம்பைத் துடுப்பாகப் பிடித்து ஐம்பது முறை வீசிப் பாருங்கள். காப்பு நகர்ந்தாலோ தோலை உராய்ந்தாலோ ஆற்றில் அது மேலும் தொல்லை தரும். இச்சோதனைக்குப்பின் மாற்றிக்கொள்ள இயலுமா என்பதை வாங்கும்போதே கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துக. பயன்படுத்திய பின் நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அழுத்தினால் மீண்டும் எழாத நுரைப்பஞ்சு தன் காலத்தை முடித்துக்கொண்டது எனக் கொள்க.

இன்னுமொரு கவசத்தையும் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டுவது நம் கடமை. தனிநபர் விபத்துக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இடம்பெறுகின்றன. பயணத்துக்கு முன் உங்கள் பாலிசியின் அப்பகுதியைப் படியுங்கள். விளங்காவிடில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் விளக்கம் பெறுங்கள். ஆற்றங்கரையில் நின்று அதைத் தேடிப் பயனில்லை.

காப்பு அணிந்ததனால் ஆறு சாந்தமாகிவிடாது. பயிற்சி, துணைக்கு ஆள், நீரின் அளவு கண்டு திரும்பிவரும் மனம் ஆகிய மூன்றுக்கும் அடுத்ததே காப்பு. குழிக்குள் இறங்குமுன் விளக்கையும் தொப்பியையும் தொட்டுப் பார்த்துக்கொண்ட தலைமுறையின் வழிவந்தோருக்கு இதை மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. படகில் ஏறுமுன் முழங்கையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.