பத்திரணவைச் சென்னை விற்றதா?

முல்லைத்தீவின் வற்றாப்பளையில் இந்த மாரிக்கு இரண்டு பேச்சுகள். டித்வா புயலின் வெள்ளம் வடிந்த வயல்களில் காலபோகம் எவ்வளவு தேறும் என்பது ஒன்று. இலங்கை வேகப் பந்துவீச்சாளர் மதீஷ பத்திரணவைச் சென்னை கிரிக்கெட் அணி ஏன் விட்டது என்பது மற்றது. முதலாவது பெரியவர்களுடைய கவலை. இரண்டாவதை, மதகில் குந்தியிருந்து கைத்தொலைபேசியைப் பார்த்தபடி பெடியள் நடத்துகிறார்கள். விளையாட்டு நடக்காத மாதங்களில்தான் விளையாட்டுப் பற்றிய சண்டை உச்சத்துக்குப் போகிறது. போட்டி நடந்தால் இரவு பதினொரு மணிக்குள் ஸ்கோர் வழக்கைத் தீர்த்துவிடும். இப்போது தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

"13 கோடிக்கு வைச்சிருந்தவனை 18 கோடிக்கு வித்து, 5 கோடி லாபம் அடிச்சிட்டாங்கள்" என்பது சென்னை மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு. கேட்டால் கணக்குச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் முழுப் பிழை.

நடந்தது இதுதான். 2025 நவம்பர் 15 அன்று இந்தியன் பிரீமியர் லீக்கின் பத்து அணிகளும் தாங்கள் வைத்துக்கொள்ளும் வீரர்களின் பட்டியலை வெளியிட்டன. சென்னை சுப்பர் கிங்ஸ் பட்டியலில் பத்திரண இல்லை. டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் அவருடைய பெயர் 2 கோடி இந்திய ரூபாய் அடிப்படை விலையில் அழைக்கப்பட்டது. டில்லியும் லக்னோவும் மாறி மாறிக் கேட்க, கடைசியில் நுழைந்த கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 18 கோடிக்கு எடுத்தது. எங்கள் காசில் 60 கோடிக்கும் மேல். அந்தப் பணத்தில் ஒரு சதமும் சென்னைக்குப் போகாது. சென்னைக்குக் கிடைத்தது வேறொன்று: அவருக்கு ஒதுக்கி வைத்திருந்த 13 கோடியை வேறு ஆட்களுக்குச் செலவிடும் உரிமை.

இந்த லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் வீரர் சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. 2026 பருவத்துக்கு அது 125 கோடி. உரிமையாளர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. வைத்துக்கொள்ளும் வீரர்களின் சம்பளம் அந்த 125 கோடியில் முதலே கழிந்துவிடும். மிஞ்சுவதுதான் ஏலத்துக்குக் கொண்டுபோகும் பணம். ஆகவே ஒரு அணி வீரரை விடுவதற்கு, அவர் வேண்டாம் என்பது மட்டும் காரணமாக இருக்கத் தேவையில்லை. அந்த விலைக்கு வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். கொல்கத்தா 64.30 கோடியுடன் அபுதாபிக்கு வந்தது, சென்னை 43.40 கோடியுடன். இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்திரணவை மீண்டும் மலிவாக எடுக்கலாம் என்ற வாதம் எவ்வளவு தூரம் ஓடும் என்பது விளங்கிவிடும்.

13 கோடி அதிகமா என்பது தனிக் கேள்வி, அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. 2023இல் 12 போட்டிகளில் 19 விக்கெட். 2024இல் காயத்தால் ஆறு போட்டிகளிலேயே விளையாடி 13 விக்கெட். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சென்னை 13 கோடி கொடுத்து வைத்துக்கொண்டது. 2025இல் அதே 13 விக்கெட்டை எடுக்க 12 போட்டிகள் தேவைப்பட்டன, ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் போனது. அந்தப் பருவத்தில் சென்னை தன் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு வந்தது. கடைசியாக வந்த அணி பழைய விலைகளைத் திருப்பிப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. இருபத்து மூன்று வயது ஆவதற்கு ஒரு மாதமளவு இருந்த ஒரு வேகப் பந்துவீச்சாளரை ஒரு கெட்ட வருடத்துக்காக விட்டதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அது என் பக்கத்து வழக்கு.

பட்டியல் வெளியிட்ட அதே நாளில் சென்னை செய்த மற்றொரு காரியம் ஏலமே இல்லை, மாற்று. ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்தின் சாம் கறனையும் ராஜஸ்தான் றோயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை எடுத்தது. சாம்சனின் 18 கோடி மாறவில்லை. கறனின் 2.4 கோடியும் மாறவில்லை. ஜடேஜா மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கினார். அந்த 4 கோடியால்தான் இரு அணிகளின் கையிருப்பும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கூடியது: சென்னைக்கு 2.4 கோடி, ராஜஸ்தானுக்கு 1.6 கோடி. இரண்டு பக்கமும் லாபம் பார்த்த வியாபாரம் என்று பேசியவர்கள் அந்த லாபம் யாருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

எங்களுக்கு இதில் இன்னொரு வால் இருக்கிறது. ஒரு அணியில் வெளிநாட்டு வீரர்கள் எட்டுப் பேருக்கு மேல் இருக்க முடியாது. ராஜஸ்தானில் எட்டு இடமும் நிரம்பியிருந்ததால் கறன் வருவதற்கு ஒருவராவது வெளியேற வேண்டியிருந்தது. பட்டியல் வந்தபோது வனிந்து ஹசரங்கவும் மஹீஷ் தீக்ஷணவும் இருவருமே அதில் இல்லை. ஹசரங்கவை ராஜஸ்தான் 5.25 கோடிக்கு வைத்திருந்தது. அபுதாபியில் லக்னோ அவரை 2 கோடிக்கு எடுத்தது. பெத்தும் நிஸ்ஸங்க 4 கோடிக்கு டில்லிக்குப் போனார்.

இன்னொரு வழக்கு: இந்த ஏலத்தில் அதிகம் உழைத்தவர் யார்? அவுஸ்திரேலியாவின் கமரூன் கிறீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. வெளிநாட்டு வீரர் ஒருவருக்கு அதுவரை கேட்கப்பட்டிராத தொகை. ஆனால் சிறிய ஏலங்களில் வெளிநாட்டு வீரர் கையில் பெறும் தொகைக்கு ஒரு தடை இருக்கிறது. பெரிய ஏலத்தின் அதிக விலை, அணிகள் வைத்துக்கொள்பவர்களுக்கு லீக் வகுத்த அதிக விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. இப்போது அது 18 கோடி. மிச்சம் 7.20 கோடி இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் வீரர் நலனுக்குப் போகிறது. ஆக, கிறீனுக்கும் பத்திரணவுக்கும் கைக்கு வரும் ஏலத் தொகை ஒன்றே. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த பெடியன் அவுஸ்திரேலியரோடு சரிசமமாக நிற்கிறான் என்று சொல்லி மதகடி வழக்கில் எவரும் வெல்லலாம்.

வற்றாப்பளையில் இந்த வழக்கு ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதற்குக் கோடிக் கணக்கு போதாது. முல்லைத்தீவில் சென்னை அணிக்கு இருக்கும் ஆதரவு தமிழின் பெயரால் வந்தது. டோனியின் பெயரால் வளர்ந்தது. இலங்கை அணியோடு உள்ள உறவு அவ்வளவு நேரானதல்ல. நந்திக்கடல் கரையில் இருக்கும் ஊருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே தகப்பனுக்கு ஒரு அணி, மகனுக்கு ஒரு அணி. பத்திரண மஞ்சள் உடுப்பில் பந்து வீசிய நான்கு பருவங்களில் அந்தக் கணக்கு யாரும் தீர்க்காமலே தீர்ந்திருந்தது. இந்த நாட்டு வீரன், அந்த அணி, ஒரே கைதட்டு.

சென்னையின் பக்கத்திலும் இது எளிதாக வந்ததல்ல. முத்தையா முரளிதரனை அந்த அணி 2008இல் 6 லட்சம் டொலருக்கு எடுத்தது. பிறகு திசர பெரேரா, நுவன் குலசேகர என்று வந்தார்கள். 2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர் போராட்டங்களின் நடுவே முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; அந்தப் பருவம் இலங்கை வீரர் எவரும் சென்னை மண்ணில் விளையாடுவதில்லை என்று லீக் முடிவெடுத்தது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகரவும் அகில தனஞ்சயவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியவில்லை. 2022இல் தீக்ஷணவை 70 லட்சத்துக்கு எடுத்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு அடுத்த வருடம், 2023 மே 23, சேப்பாக்கத்தில் குஜராத்துடன் தகுதிப் போட்டி. பத்திரண சிறிது நேரம் மைதானத்துக்கு வெளியே இருந்துவிட்டு வந்ததால் உடனே பந்து வீச விதி இடம் கொடுக்கவில்லை. டோனி நடுவர்களோடு நின்று பேசிப் பேசியே அந்த நிமிடங்களைக் கடத்தினார். பத்து வருடத்துக்கு முன் இலங்கை வீரருக்கு இடமில்லாத மைதானத்தில், ஓர் இலங்கைப் பெடியனுக்காக ஆட்டம் நின்றது. அந்தக் காட்சியைப் பார்த்தவனிடம் போய் 13 கோடி, 43 கோடி என்று சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்?

ஆனாலும் கோபத்தைச் சரியான வாசலில் இறக்க வேண்டும். பத்திரண எங்கே விளையாட விரும்பினார் என்ற கேள்வி இந்த ஒழுங்கில் எந்த இடத்திலும் கேட்கப்படுவதில்லை. ஏலத்துக்குப் பெயர் கொடுக்கலாம், கொடுக்காமல் விடலாம். அடிப்படை விலையைத் தெரிவு செய்யலாம். அதற்குப் பிறகு பத்து மேசைகளில் எந்த மேசை கையை உயர்த்துகிறதோ அதுதான் ஊர். எடுத்தபின் தகுந்த காரணமில்லாமல் வரமாட்டேன் என்றால் இரண்டு பருவத் தடை. இங்கிலாந்தின் ஹரி புரூக் 2025இல் அதை வாங்கிக் கட்டிக்கொண்டார். தானாகப் போய் வேறு அணியோடு சம்பளம் பேசினால் என்ன நடக்கும் என்பதை ஜடேஜா இருபத்தொரு வயதிலேயே அறிந்துகொண்டார். 2010 பருவம் முழுக்க அவரை விளையாட விடவில்லை.

அமெரிக்க பேஸ்போல் இரசிகர்களுக்கும் குளிர்காலம் முழுக்க இதே வேலைதான்: யாரை எந்த அணி எடுக்கும், யாரை யாரோடு மாற்றும். அங்கே ஏலம் இல்லை. ஆறு வருடம் முதல்தர லீக்கில் சேவை முடித்து ஒப்பந்தமும் முடிந்த வீரர் சுதந்திர ஆள். எந்த அணியோடும் தானே பேசலாம். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ நியூயோர்க் மெட்ஸோடு 15 வருடங்களுக்கு 76.5 கோடி டொலர் பேசி முடித்தது அப்படித்தான். அந்தச் சுதந்திரம் சும்மா வரவில்லை. 1969இல் கேர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரைச் சென்ற் லூயிஸ் அணி அவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்து வழக்கு வைத்தார். 1972இல் உயர் நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார், விளையாட்டு வாழ்வும் அதோடு போயிற்று. 1975இன் கடைசியில் வேறு இரு வீரர்களின் முறைப்பாட்டில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுத்தீர்ப்பாளர் கொடுத்த முடிவில்தான் கதவு திறந்தது. ஒரு விசித்திரம், மாற்றுக்கு மட்டும் அங்கே இன்றும் பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை. இங்கே மாற்றுக்குச் சம்மதம் வேண்டும், ஏலத்துக்கு வேண்டாம். ஜடேஜா கையெழுத்து வைக்காமல் ராஜஸ்தான் போயிருக்க முடியாது. பத்திரணவுக்குக் கையெழுத்து வைக்கும் கட்டமே வரவில்லை.

ஏலத்தில் போனபின்னும் விலை நிச்சயமில்லை என்பதற்கு 2026 ஜனவரியிலேயே சாட்சி இருக்கிறது. பங்களாதேஷின் முஸ்தாபிசூர் ரஹ்மானைக் கொல்கத்தா 9.20 கோடிக்கு எடுத்திருந்தது. இரு நாடுகளுக்கும் இடையில் முறுகல் கூடியதும் அவரை விடுவிக்கும்படி இந்தியச் சபை சொன்னது, கொல்கத்தா விடுவித்தது. அவர் பந்தே வீசவில்லை. 2013ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

சரி, சொந்த நாட்டில் விளையாடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 2024 லங்கா பிரீமியர் லீக் ஏலத்தில் இதே பத்திரணவைக் கொழும்பு ஸ்றைக்கர்ஸ் 1,20,000 டொலருக்கு எடுத்தது. அந்த லீக்கின் சாதனை விலை அது. கொல்கத்தாவின் 18 கோடி ஏறக்குறைய 20 லட்சம் டொலர். 2025க்கான லங்கா லீக் ஒத்திவைக்கப்பட்டு நடக்கவேயில்லை.

அந்த லீக்கால் வடக்குக்கு ஒரு நன்மை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் யாழ்ப்பாண அணிக்காக அதில் அறிமுகமானார். 2024இல் ஹசரங்க காயப்பட்டபோது சன்ரைசர்ஸ் ஹைதராபாத் மாற்று வீரராக வியாஸ்காந்தை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தது. மே மாதம் லக்னோவுக்கு எதிராகக் களமிறங்கி, இந்த லீக்கில் விளையாடிய முதலாவது யாழ்ப்பாண வீரரானார். வன்னியில் மட்டையும் பந்தும் பிடிக்கும் பெடியளுக்கு 18 கோடியை விட இந்த 50 லட்சம்தான் படிக்க வேண்டிய கணக்கு. ஏலத்தில் பெயர் அழைக்கப்படாமலும் உள்ளே போகலாம்.

கடைசியாக, அதிகம் பேர் கேட்பது: பத்திரண திரும்பவும் சென்னைக்கு வருவாரா? இந்தப் பருவம் இல்லை. ஏலம் முடிந்தபின் மாற்றுக் காலம் மீண்டும் திறந்து, பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்வரை நீடிக்கும். ஆனால் அந்த ஏலத்திலேயே எடுத்த வீரரை அதே பருவத்துக்குள் மாற்ற முடியாது. ஊரில் வைகாசிப் பொங்கல் கடந்து, இறுதிப் போட்டியும் முடிந்த பிறகுதான் வழி திறக்கும். அப்போது கொல்கத்தா விட வேண்டும், சென்னையிடம் பணமும் ஒரு வெளிநாட்டு இடமும் இருக்க வேண்டும். மாற்று என்பதால், அந்த ஒரு தடவை பத்திரணவையும் கேட்பார்கள்.