பழைய லென்சுக்கு வந்தது மவுசு!
எடைக்குப் போடாதீங்க சார்!

சென்னையில் பல வீடுகளில் பீரோ அடித்தட்டைத் துழாவினால், தோல் உறைக்குள் ஒரு பழைய பிலிம் காமிரா அகப்படும். அப்பாவோ தாத்தாவோ ஆசை ஆசையாக வாங்கியது.

"பிலிம் விக்கிற விலையில இதை வெச்சு என்ன பண்றது? எடைக்குப் போடுங்க" என்று வீட்டில் குரல் வரும்.

அவசரப்படாதீர்கள்! காமிரா செத்துப்போனாலும் லென்ஸ் சாகாது. அதைக் கழற்றிப் புத்தம்புது டிஜிட்டல் காமிராவில் மாட்டலாம்.

சோவியத் ரஷ்யாவின் ஜெனிட்-ஈ காமிராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் வந்தது. லட்சக்கணக்கில் விற்றது. அதில் பலவற்றில் இருந்த லென்ஸ் ஹீலியோஸ் 44-2. ஆளை மரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்தால் முகம் பளிச். பின்னால் உள்ள இலைகளோ சுழல் மாதிரி சுற்றி நிற்கும். இந்தச் சுழலுக்காகவே இன்றைய இளவட்டங்கள் அதைத் தேடி அலைகிறார்கள்!

மாட்டுவது எப்படி?

எல்லாம் இடைவெளிக் கணக்குதான். ஹீலியோஸ் லென்ஸ், பிலிமில் இருந்து 45.46 மில்லி மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். பழைய காமிராவில் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டுமே, அதற்காக.

இன்றைய மிரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. சோனியில் 18 மில்லி மீட்டர்தான். மிச்சம் 27 மில்லி மீட்டரை அடைக்க ஒரு உலோக வளையம் போதும். அடாப்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெறும் குழாய்தான்!

நிக்கான் எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் உஷார். அதில் இடைவெளி 46.5. ஒரே ஒரு மில்லி மீட்டர் கூடுதல். அதனால் தூரத்துக் கோபுரம் மங்கலாகத்தான் விழும்.

மாட்டியதும் காமிரா, "லென்சே இல்லை" என்று அடம் பிடிக்கலாம். மெனுவில் போய், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள். போக்கஸ் கையால்தான் திருக வேண்டும்.

பூஞ்சை பத்திரம்!

சென்னை ஈரக்காற்றில் லென்சுக்கு எமன் பூஞ்சைதான். கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. ஆரம்பம் என்றால் பிரித்துத் துடைத்துவிடலாம். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது.

அந்தத் தோல் உறை இருக்கிறதே, அதுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இன்றைக்கே லென்சை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.