லிதியம் மருந்தும் அதன் பக்க விளைவுகளும்

ஸ்வீடன் தேசத்தில் ஊட்டோ என்னும் தீவில் கிடைத்த பெடலைட் என்ற கனிப்பொருளை, 1817-ஆம் ஆண்டில் ஆர்வெட்ஸன் என்ற இளம் ரசாயன நிபுணர் பகுத்து ஆராய்ந்தபோது, அதுகாறும் அறியப்படாத ஓர் உலோகம் அதில் அடங்கியிருப்பது தெரியவந்தது. கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லிதியம் என்ற பெயர் அமைந்தது. உலோகங்கள் யாவற்றினும் இலேசான இது, சாதாரண உப்பிலுள்ள ஸோடியத்திற்கு நெருங்கிய உறவுடையது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இது மனநோய்க்கு மருந்தாகியபோது, அம்மருந்தால் நேரக்கூடிய தொல்லைகளுட் பல இவ்வுறவினின்றே எழுந்தன.

லிதியம் பயன்படும் நோய்களில் முக்கியமானது இருதுருவ மனநோய். இந்நோயுற்றவர் ஒரு காலத்தில் உறக்கமும் களைப்புமின்றி இருப்பார், ஓயாது பேசுவார், கையிலுள்ள பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் வாரி இறைப்பார். பிறிதொரு காலத்தில் எழுந்து முகம் கழுவவும் மனமின்றிச் சோர்ந்து கிடப்பார். இடைக்காலங்களிற் பிறரைப் போலவே இருப்பார். பலருக்கு 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் இந்நோய் தலைகாட்டுவதால், வீட்டாருக்கு அடுத்தபடியாக அதைக் காண நேர்பவர் ஆசிரியரே. லிதியம் நோயை வேரோடு அகற்றுவதில்லை. அது மீண்டும் மீண்டும் வருவதைக் குறைக்கிறது. தற்கொலையால் நேரும் மரணங்களும் அதனாற் குறைவதாகப் பல ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுள்ளது. ஆயினும் மருந்தைத் தொடங்குவோரிற் பலர் டாக்டருக்குத் தெரிவியாமலே அதை விட்டுவிடுகின்றனர். கைநடுக்கம், தாகம், உடற்பருமன் ஆகியவற்றைப் பற்றி எவரும் முன்கூட்டி எடுத்துச் சொல்லாமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

இம்மருந்தின் முதல் வரலாறே இவ்விஷயத்தில் படிப்பினை தருவது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரையடுத்த பண்டூராவில் மனநோய் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ஜான் கேட், யூரிக் அமிலத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வமிலம் லிதியத்துடன் சேர்ந்தால் நீரில் நன்கு கரையும் என்பதற்காகவே அவர் லிதியத்தைக் கையாண்டார். லிதியம் செலுத்தப்பட்ட கினி பன்றிகள் சாந்தமாய்க் கிடந்தன. (நச்சு விளைவினாலேயே அவை அவ்வாறு கிடந்திருக்கக்கூடும் என்று பின்வந்தோர் சிலர் கருதுவர்.) 1948 மார்ச் மாதத்தில், ஐந்தாண்டுகளாக ஓயாத மனக்கிளர்ச்சியுற்றிருந்த 51 வயது நோயாளி ஒருவருக்கு அவர் லிதியம் கொடுக்கத் தொடங்கினார். நோயாளி தெளிவடைந்து ஜூலையில் வீடு திரும்பினார். பழைய வேலையிலும் அமர்ந்தார். நலமடைந்தபின் மாத்திரை எதற்கு என்று அசட்டை செய்து, முடிவில் அறவே நிறுத்திவிட்டார். 1949 ஜனவரியில் மறுபடியும் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டார். மருந்தால் மீண்டும் குணமுண்டாயிற்று. ஆனால் 1950-ஆம் ஆண்டில் லிதிய நச்சினாலேயே அவர் இறந்தார். மருந்தை விட்டதால் நோய் திரும்பியதும், மருந்து உடலில் மிகுந்ததால் உயிர் போனதும் ஒரே மனிதரிடத்தில் நிகழ்ந்தன.

டாக்டர் கேட் தமது கட்டுரையை வெளியிட்ட அதே 1949-ல், அமெரிக்காவில் இருதய நோயாளிகளுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக லிதியம் குளோரைடு விற்கப்பட்டு வந்தது. அதை உணவில் தாராளமாகத் தூவி உண்டவர்களிற் சிலர் இறக்கவே, அவ்வுப்பு கடைகளினின்றும் அகற்றப்பட்டது. நன்மை தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பது இவ்வாறு புலனாயிற்று. பின்னர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்து ட்ரௌட்னரும் அவருடைய துணைவர்களும் இரத்தத்திலுள்ள லிதியத்தை அளந்து மருந்தளவை நிர்ணயிக்கும் முறையை வளர்த்தனர். டென்மார்க்கில் டாக்டர் மோகன்ஸ் ஷோ 1954-ல் முறையான ஒப்பீட்டு ஆராய்ச்சியின் முடிவுகளை வெளியிட்டார். நோய் திரும்பாமல் தடுப்பதற்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை லிதியம் இருப்பது பெரும்பாலோருக்குப் போதுமானது. கிளர்ச்சி மிகுந்த நிலையில் டாக்டர்கள் சற்று உயர்த்துவதுண்டு. 1.5-க்கு மேற்பட்டால் நச்சுக் குறிகள் தோன்றக்கூடும். 2-ஐத் தாண்டினால் உயிருக்கே அபாயம்.

மாத்திரையின் அளவு மாறாதிருக்கும்போதே இரத்தத்திலுள்ள அளவு ஏறிவிடுவது எவ்வாறு என்பதுதான் களப்பணியாளர் அறியவேண்டிய விஷயம். லிதியம் சிறுநீரகங்களின் வழியாகவே பெரும்பாலும் வெளியேறுகிறது. உடலில் நீரும் ஸோடியமும் குறையும்போது சிறுநீரகங்கள் ஸோடியத்தை வெளிவிடாமல் இழுத்து வைத்துக்கொள்ளும். அப்போது ஸோடியத்தைப் போன்றே தோன்றும் லிதியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன. ஆகவே வைகாசி வெயிலில் வயல்வேலை, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நீரும் அருந்தாத விரதம் ஆகிய ஒவ்வொன்றும் லிதியத்தின் அளவை உயர்த்தவல்லது.

உப்பைக் குறைக்கும்படி கிராம மக்களுக்குச் சொல்வது சுகாதார ஊழியரின் வழக்கமான கடமை. லிதியம் உட்கொள்பவர் அந்த அறிவுரையைக் கேட்டு ஒரே நாளில் உப்பை விட்டுவிட்டால் தீங்கு நேரும். உப்பின் அளவு நாளுக்கு நாள் ஒரே சீராக இருக்கவேண்டும். மாற்ற வேண்டுமாயின் டாக்டரைக் கேட்டே மாற்றவேண்டும். இவ்வாறே மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கப்படும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் லிதியம் வெளியேறுவதைத் தடை செய்கின்றன. வலி தாங்கமுடியாதிருப்பின் பாரசிட்டமால் உட்கொள்ளலாம். இரத்தக்கொதிப்புக்கு வழங்கப்படும் எனலாப்ரில், டெல்மிசார்டான், சிறுநீரைப் பெருக்கும் தையசைடு வகை மாத்திரைகள் ஆகியவையும் இதே இயல்புடையன. ஆதலால் நோயாளி வேறெந்த நோய்க்காக எந்த டாக்டரிடம் சென்றாலும் தாம் லிதியம் உட்கொள்வதை முதலிலேயே கூறிவிட வேண்டும்.

அபாயமில்லாத பக்க விளைவுகள் பல. விரல்களில் மெல்லிய நடுக்கம், அடிக்கடி தாகம், மிகுதியாகச் சிறுநீர் கழிதல், வாயில் உலோகச் சுவை, குமட்டல், முகப்பருக்கள், எடை ஏறுதல் ஆகியவை அடிக்கடி காணப்படும். உணவுக்குப்பின் மாத்திரையை உட்கொண்டால் குமட்டல் தணியும். நாளின் மருந்தனைத்தையும் இரவில் ஒரே வேளையாக மாற்றிக் கொடுப்பதால் சிலருக்குச் சிறுநீர்த் தொல்லை குறைகிறது. இம்மாற்றத்தை டாக்டர்தான் செய்யவேண்டும். நடுக்கத்துக்கு மருந்தளவைச் சிறிது குறைப்பதும், பிராப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்ப்பதும் உண்டு. காப்பி நடுக்கத்தை மிகுவிக்கும் என்பது உண்மையே. ஆயினும் நாள்தோறும் பல வேளை அருந்தியவர் திடீரென்று அதை நிறுத்தினால் லிதியத்தின் அளவு ஏறுமாகையால் சிறிது சிறிதாகவே குறைப்பது நலம். எடை ஏறுவதற்கு, தாகம் தணிக்க அருந்தும் சர்க்கரைப் பானங்களும் காரணமாவது கவனிக்கத்தக்கது. தாகத்திற்கு ஏற்றது வெறும் தண்ணீரே. எந்தக் காரணத்தைக் கொண்டும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாகாது.

வகுப்பில் ஒரு மாணவன் மணிக்கொருமுறை வெளியே செல்ல அனுமதி கேட்பதும், தண்ணீர்ப் பாட்டிலை விடாது வைத்திருப்பதும், முன்பு அழகாயிருந்த கையெழுத்துக் கோணலாவதும் ஒழுங்கீனமாகத் தோன்றலாம். காரணம் தெரிந்த ஆசிரியர் பிறர் அறியாவண்ணம் அதற்கு இடங்கொடுத்துவிடுவார். சக மாணவர்களின் கேலிக்கு அஞ்சி மாத்திரையைத் தூக்கியெறியும் நிலை அப்போது ஏற்படாது.

அபாயக் குறிகள் இவற்றினின்றும் வேறுபட்டவை. தேநீர்க் குவளையைப் பிடிக்கமுடியாதபடி கை பெரிதாக உதறுதல், குடித்தவர் போலத் தள்ளாடி நடத்தல், நாக்குழறல், விடாத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, அரைத்தூக்கம், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை நச்சுக் குறிகள். நோய் முற்றிவிட்டதென்றோ குடித்திருக்கிறாரென்றோ எண்ணி வீட்டார் காத்திருப்பதே பெரும் கேடு. மாத்திரையை அப்போதே நிறுத்தி, தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கடுமையான நிலையில் இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தி செய்து லிதியத்தை அகற்றமுடியும். இவ்வொரு சந்தர்ப்பம் நீங்கலாக மருந்தைத் திடீரென்று விடுதல் கூடாது. விட்டால் நோய், குறிப்பாகக் கிளர்ச்சி நிலை, விரைவில் திரும்பும். நிறுத்தவேண்டிய அவசியம் ஏற்படின் டாக்டர் பல வாரங்களில், கூடுமானால் மூன்று மாதங்களில், படிப்படியாகக் குறைப்பார்.

மெதுவாக நேரும் விளைவுகள் கண்ணுக்குத் தெரியா. லிதியம் தைராய்டு சுரப்பியின் வேலையை மந்தமாக்கக்கூடும். பெண்களுக்கு இது மிகுதி. அதனால் உண்டாகும் சோர்வையும் உறக்கத்தையும் மனச்சோர்வு நோய் திரும்பியதாகவே பலர் எண்ணிவிடுகின்றனர். இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும்; தைராக்ஸின் மாத்திரை சேர்த்தால் லிதியத்தைத் தொடரமுடியும். பல ஆண்டுகள் உட்கொண்டவர்களிற் சிலருக்குச் சிறுநீரகங்களின் திறன் குறைகிறது. சிலருக்கு இரத்தத்தில் கால்ஸியம் உயர்கிறது. எனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இம்மூன்றையும் பரிசோதிப்பது வழக்கம்.

லிதியத்துக்குப் பதிலாகவோ அதனுடனோ வேறு மருந்துகளும் வழங்கப்படுகின்றன. வால்ப்ரோயேட் எடையை ஏற்றலாம், முடியை உதிர்க்கலாம், கல்லீரலைப் பாதிக்கலாம். கருவிலுள்ள குழந்தைக்கு அது பெருந்தீங்கு செய்வதால் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குக் கூடியவரை தவிர்க்கப்படுகிறது. கார்பமஸெபின், லாமோட்ரிஜின் ஆகியவற்றைத் தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ தோன்றினால் அதை அற்பமாகக் கருதலாகாது. அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும். லிதியம் உட்கொள்ளும் பெண் கருவுற்றாலும் அஞ்சித் தானே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. முதல் மாதங்களில் குழந்தையின் இருதயத்துக்குச் சிறிதளவு அபாயம் உண்டு; நோய் திரும்புவதால் தாய்க்கும் சேய்க்கும் நேரும் அபாயமும் உண்டு. இரண்டையும் சீர்தூக்குவது டாக்டரின் பொறுப்பு.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கப்பட்டபின் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநோய்ச் சிகிச்சை பரவியுள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். லிதியத்தின் அளவைப் பார்க்க இரத்தம் கொடுக்கச் செல்பவருக்குக் களப்பணியாளர் ஒன்றைத் தவறாது நினைவூட்ட வேண்டும். கடைசி மாத்திரை உட்கொண்டு 12 மணி நேரம் கழிந்தபின் எடுக்கும் இரத்தமே சரியான கணக்கைக் காட்டும். இரவு எட்டு மணிக்கு உட்கொண்டவரின் இரத்தத்தை மறுநாட்காலை எட்டு மணியளவில் எடுக்கவேண்டும். காலை மாத்திரை உண்டாயின் அதை வீட்டில் விழுங்கிவிடாமல் பையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்தபின் உட்கொள்ள வேண்டும்.