பள்ளி முடிந்த பின் – 9: நாள் தவறாத பழக்கம்

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் கடைசித் தாளை எழுதிவிட்டு வரும் பிள்ளையின் கைக்குத் தேர்வு முடிவு வந்துசேரப் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் புது முகங்களைப் பார்க்கலாம். துணிக்கடையில் ஒருவன், சாப்பாட்டுக் கடையில் ஒருவன், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகிற இன்னொருவன். முதல் சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கிறான். அதில் தவறே இல்லை. ஆனால் அதே மாதங்களில்தான் ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, டிப்ளோமாவா என்று யோசிக்க வேண்டும். அரசு உயர்கல்வி இடத்துக்கான உபு விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் வேண்டுமென்றால் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கும் திறக்க வேண்டும். இதில் எதற்கும் பெரிய மூளை தேவையில்லை, நாள் தவறாமல் செய்கிற பழக்கம்தான் வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் நழுவிப்போகிற இடம் இது.

பெண் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்கிறார்கள். மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை. அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே பிரையன் ஜேக்கப் என்ற பொருளாதார ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இடைவெளியின் பெரும்பகுதிக்கு இரண்டு காரணங்களைக் கண்டார். பட்டம் பெண்ணின் வருமானத்தைக் கூடுதலாக உயர்த்துகிறது என்பது ஒன்று. வீட்டுப்பாடத்துக்கு நேரம் ஒதுக்குவது, பள்ளியில் சிக்கலில் மாட்டாமல் இருப்பது போன்ற நடத்தைத் திறன் மற்றொன்று.

இதைப் படித்ததும், "நம்ம பையன்களுக்குக் கட்டொழுங்கு கிடையாது" என்று முடித்துவிடுவது சுலபம். பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடை முதல் கல்யாண மண்டபம் வரை கேட்டுச் சலித்த பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை; கட்டொழுங்கு பிள்ளையின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. இன்னொன்று கிடைக்கும் என்று, கையிலுள்ள இனிப்பை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பின்னாளில் நன்றாகப் படிக்கும் என்று, ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் நடத்திய சோதனையை வைத்துப் பல ஆண்டுகள் பேசினார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து மறுபடி ஆராய்ந்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. நாளைக்கும் வீட்டில் இனிப்பு இருக்கும் என்று தெரிந்த குழந்தைக்குக் காத்திருப்பது கடினமில்லை. தோட்டம் கைமாறி, லயத்தை விட்டுக் கிளம்பி, கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கிலும் பிறகு மலிவு விலை அடுக்குமாடியிலும் குடியேறிய குடும்பங்களுக்கு 'நாளை' அவ்வளவு நிச்சயமாக இருந்ததில்லை.

இதைப் புரிந்துகொண்டு தொடங்கிய முயற்சியாகத்தான் ஸ்ரீ முருகன் நிலையத்தை நான் பார்க்கிறேன். மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா முன்னின்று 1982இல் தொடங்கியது அது. வார இறுதி வகுப்பு; சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும். பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பத்துமலைக்குப் போகும் அதன் கல்வி யாத்திரையை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. டியூஷன் என்று மட்டும் இந்த வகுப்பைச் சொல்லிவிட முடியாது. வாரந்தோறும் ஒரே நேரம், ஒரே இடம், கூடவே வழிபாடு, முன்னால் தன்னைப் போன்ற வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் போன ஓர் அண்ணன் அல்லது அக்கா. பிள்ளையிடம் இல்லாத ஒழுங்கை அது உருவாகும்வரை வெளியிலிருந்து கடன் கொடுப்பதுபோல.

என் கவலை, அந்தக் கடன் எஸ்.பி.எம். தேர்வோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான். வகுப்பும் இல்லை, தேடி வந்து கேட்கிற ஆசிரியரும் இல்லை. கடை முதலாளி நல்லவராக இருந்தால் சம்பளம் தரும்போது ஒரு வார்த்தை கேட்பார்: "தம்பி, உபு போட்டாச்சா?"

(தொடரும்)