கூலிக்காரரிடம் சம்பளச் சீட்டு கேட்கலாமா?
விபத்து நஷ்ட ஈடு பெற வழி என்ன?

கர்நாடகத்தில் 2004-ம் ஆண்டு சாலை விபத்தில் ஒரு கூலித் தொழிலாளி படுகாயம் அடைந்தார். அவருக்கு வயது 35. மாதம் ரூ.4,500 சம்பாதித்து வந்ததாகச் சொல்லி நஷ்ட ஈடு கேட்டார். அவரிடம் சம்பளச் சீட்டு இல்லை. வழக்கை விசாரித்த தீர்ப்பாயம், அந்த ஆண்டில் கூலி ஒரு நாளைக்கு 100 ரூபாய்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, மாத வருமானத்தை ரூ.3,000 என்று குறைத்துவிட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தீர்ப்பாயத்தின் ஊகத்துக்கு ஆதாரம் இல்லை என்றும், கூலி வேலை செய்பவரிடம் எழுத்து மூலமான சான்றை எதிர்பார்க்க முடியாது என்றும் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ரூ.4,500 என்ற வருமானத்தையே ஏற்றுக்கொண்டது. கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. மிகைப்படுத்திக் கேட்டால் தீர்ப்பாயம் குறைக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நாளொன்றுக்கு 50 ரூபாய்தானே வித்தியாசம், இதற்காக டெல்லி வரை போக வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம்.

50 ரூபாய் கணக்கு

நாளைக்கு 50 ரூபாய் என்றால் மாதம் 1,500 ரூபாய். ஆண்டுக்கு 18,000 ரூபாய். நஷ்ட ஈட்டைக் கணக்கிடும்போது ஆண்டு வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்துக் கொடுத்த அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை 17. 31 முதல் 35 வரை 16. 36 முதல் 40 வரை 15. வயது ஏற ஏற எண் குறையும்.

35 வயதுக்காரர் உழைக்கும் சக்தியை முழுவதும் இழந்துவிட்டால் 18,000-ஐ 16-ஆல் பெருக்க வேண்டும். ரூ.2,88,000 வருகிறது. பாதி சக்தியை இழந்தாலும் ரூ.1,44,000. 50 ரூபாய் வித்தியாசம் இத்தனை பெரிய தொகையாகிவிடுகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை, மனுச் செய்த நாள் முதல் வட்டி ஆகியவை தனி.

ஊனம் எவ்வளவு?

டாக்டர் எழுதித் தரும் ஊனச் சதவீதமே முடிவான கணக்கு அல்ல. அடிபட்டவர் செய்து வந்த வேலையை அந்த ஊனம் எவ்வளவு பாதிக்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று 2010-ல் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. இடது கையை இழந்த குமாஸ்தா வேலையில் தொடரலாம். டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும்.

கர்நாடகத்தில் 2008-ல் நடந்த விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, வருமானச் சான்று இல்லாமலே மாதம் ரூ.6,500 என்று வைத்து, வருமான இழப்பு 85 சதவீதம் என்று 2014-ல் தீர்ப்பானது. எனவே, என்ன வேலை செய்தார், எவ்வளவு எடை தூக்கினார், எத்தனை மணி நேரம் நின்றார் என்பதை வக்கீலிடம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதல் வேலை

பெங்களூருவில் சாலை விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் போலீஸ் நிலையங்கள் பதிவு செய்கின்றன. வாக்குமூலம் பெரும்பாலும் கன்னடத்தில் எழுதப்படும். கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வண்டி எண், இடம், நேரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம்.

சிகிச்சைக்காக 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, இதற்கென ஏற்பாடு செய்யப்பட்ட ஆஸ்பத்திரிகளில் விபத்து நடந்ததிலிருந்து 7 நாள் வரை, ரூ.1½ லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, எக்ஸ்ரே படம் எதையும் தூக்கி எறியக் கூடாது. மேஸ்திரியின் கடிதம், வங்கிப் புத்தகம், உடன் வேலை செய்தவரின் சாட்சி ஆகியவை சம்பளச் சீட்டு இல்லாத குறையைப் போக்கும்.

எங்கே மனுப் போடுவது?

பெங்களூருவில் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதிகளே விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயமாகவும் செயல்படுகிறார்கள். மேயோ ஹாலிலும் இந்தக் கோர்ட்டுகள் இருக்கின்றன.

விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரிலும் போடலாம். ஓசூர் சாலையில் எல்லை தாண்டி கிருஷ்ணகிரி அருகே அடிபட்டவர், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ குடியிருந்தால் பெங்களூருவிலேயே வழக்கு நடத்தலாம். இங்கே விபத்தில் இறந்தவரின் மனைவி தர்மபுரியில் வசித்தால் அங்கேயே மனுப் போடலாம். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் தொடரப்பட்டன. கெடு கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை நம்பித் தாமதிக்காமல் 6 மாதத்துக்குள் மனுச் செய்வதே நல்லது.

மோதிய வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியாவிட்டாலும் உதவி உண்டு. மரணத்துக்கு ரூ.2 லட்சமும், கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரமும் கிடைக்கும். இதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

கட்டிலருகே வரும் தரகர்

அடிபட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே, "வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் இத்தனை பங்கு" என்று சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர்கள் உண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்திடவே கூடாது. தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கும் வங்கிக் கணக்கு எண் மனுதாரருடையதாகவே இருக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு அரசின் இலவசச் சட்ட உதவி இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே வக்கீல் வைத்துத் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் எச்.சித்தையா ரோட்டில் உள்ள நியாய தேகுல கட்டிடத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது. கையெழுத்திடும் முன்பு, மாத வருமானம் எவ்வளவு என்று வைத்தார்கள், ஊனம் எத்தனை சதவீதம் என்று வைத்தார்கள் என்ற இரண்டையும் வக்கீலிடம் கேட்டு, காகிதத்தில் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பது அவசியம். பத்து நிமிடம் போதும். 50 ரூபாய் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அப்போது தெரியும்.