வெள்ளையா, நீலமா?

பொங்கல் நெருங்கிவிட்டால் தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கு எழும்: உள்சுவருக்கு வெள்ளையா, நீலமா? நீலம் குளிர்ச்சி, கரிசல் புழுதியும் சட்டென்று தெரியாது என்பது ஒரு கட்சி. வெள்ளைதான் லட்சுமிகரம் என்பது எதிர்க்கட்சி.

தீர்ப்பை வெளிச்சத்திடமே விட்டுவிடலாம். புதிதாக வெள்ளையடித்த சுவர், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவிகிதத்தைத் திருப்பித் தருகிறது. அடர்ந்த நீலமோ சுமார் 10 சதவிகிதமே தரும். ஒற்றை ஜன்னல் அறையில் உட்கார்ந்து பாடம் படிக்கும் குழந்தையின் கண்களுக்கு இது சிறிய வித்தியாசமா? பகலிலேயே விளக்குப் போடும் செலவு வேறு!

குளிர்ச்சி என்பதும் கண்ணுக்கு மட்டும்தான். உள்சுவரின் நீலம் அறையின் உஷ்ணத்தைக் குறைக்காது. உஷ்ணம் தணிய வேண்டுமானால், வெயில் காயும் மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளையடியுங்கள்.

ஆகவே, இருட்டறைக்கு வெள்ளை. வெயில் புகுந்து கண் கூசும் கூடத்துக்கு வெளிர்நீலம். இரண்டுக்கும் பகை இல்லை. சுண்ணாம்புக் கரைசலில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து பாருங்கள். பழுப்புச் சாயல் மறைந்து, வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தோன்றும்!