உதிராத பூனைமுடி

தலையில் பூக்கள், உடம்பில் பூவேலை செய்த ஆடை, கையில் ஒரு தாள். நெற்றி, கன்னம், மூக்கு என்று முகமெங்கும் முடி. இத்தாலிய ஓவியர் லவீனியா ஃபொந்தானா 1595 வாக்கில் வரைந்த அந்தோனியெத்தா என்ற சிறுமியின் படம் இது. அவள் கையிலுள்ள தாளில், கேனரி தீவுகளிலிருந்து பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் கொண்டுபோகப்பட்டவர் தன் அப்பா என்று எழுதியிருக்கிறது. அந்த அப்பா, பெத்ருஸ் கொன்சால்வுஸ், அரண்மனையில் லத்தீன் கற்றவர். அவருக்கும் முகமெங்கும் முடி, மனைவிக்கு இல்லை. பிள்ளைகள் பலருக்கு இருந்தது. அந்தப் பிள்ளைகளைத்தான் பிரபுக்கள் தங்களுக்குள் அன்பளிப்பாகக் கொடுத்துக்கொண்டார்கள்.

கருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் உடம்பு முழுக்க மெல்லிய பூனைமுடி உண்டு. பெரும்பாலும் பிறப்பதற்கு முன்போ, பிறந்த சில வாரங்களிலோ உதிர்ந்துவிடும். 'ஹைபர்டிரைகோசிஸ்' எனப்படும் மிகை முடி வளர்ச்சியின் ஒரு பிறவி வகையில் அது உதிர்வதில்லை, வளர்ந்துகொண்டே போகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் தப்பும். காரணம் மரபணு மாற்றம். தொற்றாது, கிரகணமோ சாபமோ இதற்குக் காரணமில்லை.

பிறவியில் இல்லாமல் பிறகு வருவதும் உண்டு. வலிப்புக்கான பெனிடாயின், வழுக்கைக்குப் பூசும் மினாக்சிடில் போன்ற மருந்துகளால் வரலாம். 2019-இல் ஸ்பெயினில் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்குக் கொடுத்த மருந்தில் மினாக்சிடில் கலந்துபோய், அவர்கள் உடம்பில் முடி முளைத்தது. இந்த வகை, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் குறையும். நடுவயதில் திடீரென்று உடம்பெங்கும் பூனைமுடி வளர்ந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்; அது உள்ளே வளரும் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் முளைக்கும் முடி வேறு. அது ஹார்மோன் சிக்கல், சிகிச்சை உண்டு. பிறவி வகைக்கோ தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. மழிக்கலாம், லேசர் செய்யலாம். செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அவரவர்தான் முடிவுசெய்ய வேண்டும், ஊரார் அல்ல.

இப்படி முடி உள்ளவர்களைப் பற்றி 'ஓநாய் மனிதன்' என்று இன்றும் தலைப்பு போடுகிறார்கள். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் மெக்சிகோவின் ஹூலியா பாஸ்த்ரானாதான் எனக்கு நினைவுக்கு வருகிறார். அவருக்கும் முகமெங்கும் முடி; பாடியும் ஆடியும் பிழைத்தவர். 1860-இல் மாஸ்கோவில், பிரசவமான சில நாட்களில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. பதப்படுத்தப்பட்ட இருவரின் உடல்களையும் கணவரே ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார். கடைசியில் நார்வே போய்ச் சேர்ந்த ஹூலியாவின் உடல் அங்கிருந்து சொந்த மண்ணுக்குத் திரும்பி அடக்கமானது 2013-இல்.